கையுறை அணிந்தால் கணினி கேட்குமா?

புதுச்சேரி அஜந்தா சிக்னலில் மின்சாரம் போய், விளக்குகள் அணைந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். சிவப்புத் தொப்பி அணிந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் சாலை நடுவில் வந்து நிற்பார். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் பேருந்து நிற்கும். கையை மடக்கி அழைத்தால் எதிர்ப்பக்கத்து வண்டிகள் நகரும். அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிகிறது. காரணம், எந்த அசைவுக்கு என்ன பொருள் என்பதில் காவலருக்கும் ஓட்டுநருக்கும் முன்பே ஓர் உடன்பாடு இருக்கிறது.

இதே உடன்பாட்டை மனிதனுக்கும் கணினிக்கும் இடையில் ஏற்படுத்த முடியுமா? விசைப்பலகையையும் மவுஸையும் தொடாமல், கையை அசைத்தே கணினிக்குக் கட்டளையிட முடியுமா? முடியும் என்று காட்டி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு உதவும் கருவிதான் உணரிகள் பொருத்திய கையுறை.

இதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டு செயல்திட்டத்துக்கு அடிக்கடி தேர்ந்தெடுக்கும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. 'காது கேளாதவர்களைப் பேச வைக்கும் கையுறை' என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊடகங்களில் வந்து போகிறது. காது கேளாத பிள்ளையைப் பெற்ற உம்மாவும் வாப்பாவும் அதைப் படித்துவிட்டு, நம் பிள்ளைக்கும் ஒன்று வாங்கித் தந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்துக்கு நேர்மையான பதில் வேண்டும். அதற்கு முதலில் கருவி எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

கையுறைக்குள் என்ன இருக்கிறது?

பார்வைக்கு இது சாதாரணத் துணிக் கையுறைதான். அதன் ஒவ்வொரு விரலின் முதுகுப் பக்கத்திலும் ஒரு மெல்லிய பட்டை தைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஃப்ளெக்ஸ் சென்சார், அதாவது வளைவு உணரி என்று பெயர். பட்டையின் மேல் கரி கலந்த மை பூசப்பட்டிருக்கும். அந்த மை வழியே மின்சாரம் ஓடும். பட்டையை வளைக்கும்போது மையில் உள்ள துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் மின்சாரம் ஓடுவதற்கான தடை கூடுகிறது. எவ்வளவு வளைக்கிறோமோ அவ்வளவு தடை. இதுதான் விரல் மடங்குவதைக் கருவிக்குச் சொல்லும் வழி.

விரல் மடங்குவது தெரிந்தால் போதாது. கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்காக மணிக்கட்டின் மேல் நகத்தளவு சில்லு ஒன்று வைக்கப்படும். மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது எம்.பி.யு. 6050 என்ற சில்லு. அதற்குள் இரண்டு உணரிகள் இருக்கின்றன. முதலாவது முடுக்கமானி. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை உணர்ந்து கையின் சாய்வைச் சொல்லும். இரண்டாவது சுழல்மானி. கை எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சொல்லும். நம் செல்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்குக் காரணமும் இதே வகை உணரிகள்தான்.

இந்த இரண்டில் எதுவும் தனியாக நம்பத் தக்கதல்ல. கை நடுங்கினால் முடுக்கமானி குழம்பும். சுழல்மானியின் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, கை அசையாமல் இருக்கும்போதே திரும்பிவிட்டதாகக் காட்டும். எனவே இரண்டின் கணக்கையும் கலந்து ஒன்றின் பிழையை மற்றொன்றால் திருத்துவார்கள்.

எல்லா உணரிகளின் தகவலும் அர்டுயினோ போன்ற ஒரு சிறிய மின்பலகைக்கு வந்து சேரும். அந்தப் பலகை ஒரு வினாடியில் பல முறை எல்லா உணரிகளையும் கேட்டு, விடையை எண்களாக மாற்றி, கம்பி வழியாகவோ புளூடூத் வழியாகவோ கணினிக்கு அனுப்பும்.

ஒரு சின்னக் கணக்கு

பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு புரியும். விரல் நேராக இருக்கும்போது பட்டையின் தடை 10,000 ஓம் என்று கொள்வோம். அதனுடன் 10,000 ஓம் தடை ஒன்றைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுக்கிறோம். மின்னழுத்தம் இரண்டுக்கும் சமமாகப் பிரிந்து, நாம் சேர்த்த தடையின் மேல் 2.5 வோல்ட் இருக்கும். இப்போது விரலை மடக்குங்கள். பட்டையின் தடை 20,000 ஓம் ஆகிறது என்றால், நம் தடைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.67 வோல்ட் மட்டுமே.

அர்டுயினோ ஊனோ பலகை 0 முதல் 5 வோல்ட் வரை உள்ள அழுத்தத்தை 0 முதல் 1023 வரை உள்ள எண்ணாக மாற்றும். அப்படியானால் நேரான விரலுக்கு 512 என்றும், மடங்கிய விரலுக்கு 341 என்றும் எண் வரும். நடுவில் 425 என்று ஒரு கோடு போடலாம். எண் அதற்கு மேலே இருந்தால் விரல் நேர், கீழே இறங்கினால் மடங்கல். கருவிக்கு 'விரல்' என்றால் என்னவென்று தெரியாது. இந்த எண் மட்டுமே தெரியும்.

ஒரு கையில் ஐந்து விரல்கள். ஒவ்வொன்றுக்கும் நேர், மடங்கல் என இரண்டு நிலைகள். கணக்குப்படி 32 வடிவங்கள் கிடைக்கும். ஆனால் மோதிர விரலை மட்டும் தனியாக மடக்கிப் பாருங்கள். சுண்டு விரலும் கூடவே வரும். தசைநார்களின் அமைப்பு அப்படி. எனவே வசதியாகக் காட்டக்கூடிய வடிவங்கள் 32-ஐவிடக் குறைவு. அவற்றில் ஏழெட்டைத் தேர்ந்து, சுட்டுவிரல் மடங்கினால் கிளிக், முழுக் கையையும் மூடினால் கோப்பைப் பிடித்து இழுத்தல், மணிக்கட்டு வலப்புறம் சாய்ந்தால் அம்புக்குறியும் வலப்புறம் நகர்தல் என்று பொருள் கொடுத்துவிட்டால், கையுறை மவுஸாகிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. என் கையும் உங்கள் கையும் ஒரே அளவில் இல்லை. எனக்கு 341 காட்டும் மடக்கு உங்களுக்கு 380 காட்டலாம். ஆகவே ஒவ்வொருவரும் அணிந்தவுடன் கையை ஒருமுறை முழுதாக விரித்து, ஒருமுறை முழுதாக மூடி, கருவிக்குத் தம் கையின் அளவைக் கற்றுத்தர வேண்டும். செயல்திட்டக் கண்காட்சியில் செய்த மாணவருக்கு நன்றாக வேலை செய்யும் கையுறை, பார்க்க வந்தவர் அணிந்தால் தடுமாறுவது பல நேரம் இதனால்தான்.

அரை நூற்றாண்டுப் பயணம்

இந்த வகைக் கையுறைகளில் முதலாவது எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1977-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான 'சேயர் கையுறை'. ரிச் சேயர் என்பவரின் யோசனையைக் கொண்டு டேனியல் சாண்டினும் தாமஸ் டிஃபாண்டியும் அதைச் செய்தார்கள். விரல்களின் மேல் வளையும் குழாய்கள். குழாயின் ஒரு முனையில் விளக்கு, மறு முனையில் ஒளி உணரி. விரல் மடங்கினால் குழாய் வளையும். போய்ச் சேரும் ஒளி குறையும். 1983-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கேரி கிரைம்ஸ் எழுத்துகளை உள்ளிடுவதற்கென்றே ஒரு கையுறையை வடிவமைத்தார். கைகளால் எழுத்துக் காட்டும் முறையே அதற்கு அடிப்படை.

உலகின் கவனத்தை ஈர்த்தது தாமஸ் சிம்மர்மன் செய்த கையுறை. கிதார் இல்லாமலேயே காற்றில் விரலசைத்து இசை எழுப்ப வேண்டும் என்ற ஆசையில் அவர் தொடங்கிய முயற்சி அது. பின்னர் ஜாரன் லேனியருடன் சேர்ந்து வி.பி.எல். என்ற நிறுவனத்தின் வழியே 'டேட்டா கிளவ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மெய்நிகர் உலகம் என்று இன்று நாம் பேசுவதன் தொடக்கக் கருவிகளில் இதுவும் ஒன்று. விலை அதிகம் என்பதால் ஆய்வகங்கள் மட்டுமே வாங்கின. 1989-இல் மேட்டல் நிறுவனம் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்காக 'பவர் கிளவ்' என்ற மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் ஆவலோடு வாங்கினார்கள். ஆனால் சொன்னபடி கேட்காததால் சீக்கிரமே கடைகளிலிருந்து மறைந்துவிட்டது.

இந்தியர்களின் பங்கு

குஜராத்தின் பாலன்பூரில் பிறந்து, மும்பை ஐ.ஐ.டி.யிலும் பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் படித்த பிரணவ் மிஸ்திரி, 2009-இல் 'சிக்ஸ்த் சென்ஸ்' என்ற கருவியைக் காட்டி வியக்க வைத்தார். அவர் கையுறை அணியவில்லை. விரல் நுனிகளில் வண்ண மூடிகளை மாட்டிக்கொண்டார். கழுத்தில் தொங்கிய சிறு கேமரா அந்த வண்ணங்களைப் பின்தொடர்ந்தது. கூடவே இருந்த புரொஜெக்டர், எதிரே உள்ள சுவரையோ உள்ளங்கையையோ திரையாக்கியது. இரு கைவிரல்களாலும் சட்டம்போல் காட்டினால் புகைப்படம் எடுத்துவிடும்.

2014-இல் கேரளத்தின் கொச்சியிலிருந்து ரோஹில்தேவ் என்ற இளைஞரின் குழு 'ஃபின்' என்ற மோதிரத்தை அறிமுகப்படுத்தியது. கட்டைவிரலில் அணிந்துகொண்டு மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டால் செல்பேசியையோ கணினியையோ இயக்கலாம் என்பது அதன் திட்டம். இணையத்தில் பொதுமக்களிடமே நிதி திரட்டினார்கள். தஸ்பீஹ் ஓதும்போது கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணும் பழக்கமுள்ள நமக்கு இந்த யோசனை அந்நியமாகத் தெரியாது. முழுக் கையுறைக்குப் பதில் ஒரு மோதிரம் போதுமே என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

மவுஸ் ஏன் இன்னும் மேசையில் இருக்கிறது?

கையை நீட்டிக் காற்றில் ஐந்து நிமிடம் அசைத்துப் பாருங்கள், தோள் வலிக்கும். மவுஸ் பிடித்த கை மேசையில் ஓய்வாகக் கிடக்கிறது. காற்றில் அசையும் கைக்கு அந்த ஓய்வு இல்லை. இந்த அலுப்பைக் கருவி வடிவமைப்பாளர்கள் வேடிக்கையாகக் 'கொரில்லாக் கை' என்பார்கள்.

இரண்டாவது சிக்கல், கை சும்மா இருப்பதில்லை என்பது. நாம் பேசும்போதும் கையை ஆட்டுகிறோம், தேநீர் எடுக்கிறோம், மூக்கைச் சொறிகிறோம். எது கட்டளை, எது சாதாரண அசைவு என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதனால் 'இப்போது கவனி' என்று சொல்ல ஒரு தனிச் சைகையையோ பொத்தானையோ வைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. புதுச்சேரியின் கடற்காற்றில் ஈரப்பதம் அதிகம். சித்திரை வைகாசி வெயிலில் கையுறையை அரை மணி நேரம் அணிந்தால் கை நனைந்துவிடும். வியர்வை இணைப்புகளைக் கெடுக்கும். உப்புக்காற்று கம்பிகளை அரிக்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் செய்து பார்க்கும் பிள்ளைகள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்கிடையில் கையுறையே தேவையில்லை என்று கேமராக்கள் போட்டிக்கு வந்துவிட்டன. 2010-இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட், 2013-இல் லீப் மோஷன் ஆகியவை வெறும் கையசைவைப் பார்த்தே புரிந்துகொண்டன. 2019-இல் கூகுள் வெளியிட்ட மீடியாபைப் என்ற இலவச மென்பொருள், சாதாரணக் கேமராவில் தெரியும் ஒரு கையில் 21 புள்ளிகளை அடையாளம் காண்கிறது. 2025-இல் மெட்டா நிறுவனம் தன் கண்ணாடியுடன் விற்கத் தொடங்கிய மணிக்கட்டுப் பட்டை, தசைகளில் ஓடும் நுண்ணிய மின்சாரத்தை உணர்ந்து விரலசைவை ஊகிக்கிறது.

அப்படியானால் கையுறையின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை. சாதாரணக் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். ஒரு விரல் மற்றொன்றை மறைத்தால் அதற்குத் தெரியாது. கையுறை இருட்டிலும் வேலை செய்யும், மறைந்த விரலையும் உணரும். தொலைவிலுள்ள இயந்திரக் கையை இயக்கவும், பயிற்சிக் கூடங்களிலும், மருத்துவத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.

'பேசும் கையுறை': செய்தியும் உண்மையும்

இப்போது நம் முக்கியக் கேள்விக்கு வருவோம்.

சவூதி அரேபியாவைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஹதீல் அய்யூப், லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் படித்தபோது, கைச்சைகையை எழுத்தாகவும் குரலாகவும் மாற்றும் கையுறையை உருவாக்கினார். 2015-இல் அது உலகச் செய்தியானது. நம் சமுதாயப் பெண் ஒருவரின் சாதனை என்ற வகையில் அது பெருமைக்குரியது. 2016-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் நவீத் அஸோதி, தாமஸ் பிரையர் இருவரும் 'சைன் அலவுட்' என்ற கையுறைக்காக 10,000 டாலர் பரிசு பெற்றார்கள். ஊடகங்கள் கொண்டாடின.

ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் சைகை மொழி கற்பிப்பவர்களும் மொழியியல் அறிஞர்களும் சேர்ந்து ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மாணவர்களின் உழைப்பை அவர்கள் குறைசொல்லவில்லை. சைகை மொழி என்றால் என்னவென்றே புரியாமல் செய்யப்பட்ட கருவி இது என்றார்கள். காது கேளாத பலரும் இதையே சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதில் உள்ள நியாயம் என்ன?

சைகை மொழி என்பது கைகளின் வேலை மட்டுமல்ல. புருவம், கண், வாய், தோள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. இந்தியச் சைகை மொழியில் 'நீ சாப்பிட்டாய்' என்பதற்கும் 'நீ சாப்பிட்டாயா?' என்பதற்கும் கையசைவு ஒன்றாகவே இருக்கலாம். புருவம் உயர்ந்தால் அது கேள்வி. கையுறைக்குப் புருவம் தெரியாது. இலக்கணத்தில் பாதியை அது பார்க்கவே இல்லை.

அடுத்து, அமெரிக்கச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டுவார்கள். இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலும் இரண்டு கைகள் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க எழுத்து முறையைப் பார்த்து ஒற்றைக் கையுறை செய்துவிட்டு, 'புதுச்சேரியில் காது கேளாதோருக்கு உதவும் கருவி' என்று பெயர் வைத்தால், அது இங்கே யாருக்கும் உதவாது.

மூன்றாவதாக, உரையாடல் இருவழிப் பாதை. கையுறை அவர் சொல்வதை நமக்குச் சொல்லக்கூடும். நாம் சொல்வதை அவருக்கு யார் சொல்வது? வியர்வையோடு கனத்த கையுறையை அணியும் சுமை அவருக்கு, வசதி நமக்கு. கேட்கும் திறனுள்ள நாம் பத்துச் சைகைகளைக்கூடக் கற்காமல், எல்லாச் சிரமத்தையும் அவர் தலையில் வைக்கிறோம்.

ஹதீல் அய்யூபின் கையுறை பின்னர் வளர்ந்த விதம் இங்கே கவனிக்கத் தக்கது. பேச இயலாத ஒருவர் தமக்குத் தெரிந்த, தம்மால் இயன்ற அசைவுகளைத் தாமே பதிவு செய்துகொண்டு, அவற்றுக்குரிய சொற்களை ஒலிக்கச் செய்யும் வகையில் அது மாற்றப்பட்டது. ஒரு மொழியையே மொழிபெயர்ப்பேன் என்பதைவிட, ஒருவரின் பத்து இருபது தேவைகளைச் சொல்ல உதவுவேன் என்பது கையுறையால் நிறைவேற்றக்கூடிய வாக்குறுதி.

பாரிஸில் ஒரு மொழி, புதுச்சேரியில் ஒரு மொழி

சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. பாரிஸில் 18-ஆம் நூற்றாண்டில் லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, அவர்களுடைய சைகைகளைக் கற்று, அதன் வழியே பாடம் நடத்தினார். அந்தப் பள்ளியின் மரபில் வந்த லோரான் கிளேர், தாமே காது கேளாதவர், 1816-இல் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு அங்கே ஹார்ட்ஃபோர்டில் பள்ளி உருவாக உதவினார். அதனால்தான் இன்றும் அமெரிக்கச் சைகை மொழி ஆங்கிலம் பேசும் இங்கிலாந்தின் சைகை மொழியைவிடப் பிரெஞ்சுச் சைகை மொழிக்கு நெருக்கமாக இருக்கிறது.

நம் ஊரில் பலருக்குப் பிரான்சில் உறவினர்கள் உண்டு. அங்கே பிறந்த காது கேளாத பிள்ளை பிரெஞ்சுச் சைகை மொழி கற்கும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒரு முழு மொழியாக ஏற்றிருக்கிறது. முல்லா வீதியில் வளரும் அதன் சாச்சா மகனுக்கு இந்தியச் சைகை மொழிதான் வரும். விடுமுறையில் இருவரும் சந்தித்தால் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. ஒரு மொழிக்குப் பழக்கிய கையுறையும் அப்படித்தான்.

சைகையைப் பேச்சாகவே மதிக்கும் பண்பு நமக்குப் புதிதல்ல. உஸ்மானியப் பேரரசு 19-ஆம் நூற்றாண்டில் ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா'வின் பொது விதிகளில் ஒன்று, பேச இயலாதவரின் அறியப்பட்ட சைகை நாவால் சொன்ன சொல்லுக்கு ஒப்பானது என்கிறது. அவருடைய கொடுக்கல் வாங்கல் சைகையாலேயே செல்லும். 'உன் சைகையைக் குரலாக்கிக் கொண்டுவா, பிறகு கேட்கிறேன்' என்று அந்த விதி சொல்லவில்லை. புரிந்துகொள்ளும் பொறுப்பில் பாதியைக் கேட்பவர் மேலும் வைக்கிறது. மக்காவின் மஸ்ஜிதுல் ஹராமில் ஜும்ஆ குத்பா சைகை மொழியிலும் பெயர்க்கப்படுகிறது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் குத்பாவின் சுருக்கத்தை எழுத்தில் வைத்தால்கூட, பின்வரிசையில் ஒன்றும் புரியாமல் அமர்ந்திருக்கும் ஒரு சகோதரருக்கு அது பெரிய உதவி.

கேமரா வழி, சென்னை முயற்சி

இயந்திரம் சைகை மொழியைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று சொல்லவில்லை. அதற்குக் கையுறையைவிடக் கேமரா பொருத்தமானது. முகம், தோள், இரண்டு கைகள் எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் 'இன்க்ளூட்' என்ற பெயரில் இந்தியச் சைகை மொழிக்கான ஒரு காணொளித் தொகுப்பை வெளியிட்டார்கள். 263 சொற்களுக்கான 4,287 காணொளிகள் அதில் உள்ளன. அனுபவமுள்ள சைகையாளர்களைக் கொண்டே அது பதிவு செய்யப்பட்டது. ஆனால் தனித்தனிச் சொல்லை அடையாளம் காண்பது முதல் படிதான். தொடர்ந்து ஓடும் உரையாடலைப் பிடிப்பதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

கையசைவு உண்மையில் குணம் தரும் இடம்

கையால் கணினியை இயக்குவது விளையாட்டு அல்ல, சிகிச்சை என்று காட்டும் எடுத்துக்காட்டு வேலூரில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கால் ஓரளவு தேறினாலும் கை தேறுவது கடினம். மூடிய விரலைத் திறக்கவும் மணிக்கட்டைத் திருப்பவும் நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை பயிற்சி செய்ய வேண்டும். சலிப்பில் பலர் விட்டுவிடுவார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து இதற்காக உருவாக்கிய கருவி 'புளூட்டோ'. இது கையுறை அல்ல. மேசை மேல் வைக்கும் சிறு இயந்திரம். ஒரே ஒரு மோட்டார். அதில் தேவைக்கேற்ப வெவ்வேறு பிடிகளை மாட்டி மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி தரலாம். நோயாளியின் கையசைவு திரையில் உள்ள விளையாட்டை இயக்குகிறது. கை முயன்று முடியாத இடத்தில் இயந்திரம் துணைக்கு வரும்.

இதே நோக்கத்துக்கு உணரிக் கையுறையையும் பயன்படுத்தலாம். இன்று விரல் எத்தனை மடங்கியது, போன வாரம் எத்தனை மடங்கியது என்று எண்ணாகவே காட்டினால் நோயாளிக்கு நம்பிக்கை வரும். மருத்துவருக்கும் கணக்கு கிடைக்கும். ஆனால் மருத்துவரின் அறிவுரை இல்லாமல் இணையத்தில் கிடைப்பதை வாங்கி நோயாளியின் கையில் மாட்டக் கூடாது.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

இந்தத் தலைப்பில் செயல்திட்டம் செய்ய விரும்பும் மாணவர்களே, தாராளமாகச் செய்யுங்கள். மின்னணுவியல், நிரல் எழுதுதல், கணிதம் மூன்றையும் ஒரே இடத்தில் கற்றுத்தரும் தலைப்பு இது. பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும். செலவு கூடுவது ஃப்ளெக்ஸ் சென்சாரில்தான். அழுத்தினால் தடை மாறும் வெலோஸ்டாட் என்ற கறுப்புத் தாளை வாங்கி, பட்டையாக வெட்டி, இரு பக்கமும் கடத்தும் நூலோ தகடோ வைத்து மூடினால் நீங்களே ஓர் உணரியைச் செய்துவிடலாம். கடையில் வாங்கியதைப் போலத் துல்லியம் இராது. ஆனால் அதன் பிழையைத் திருத்தும்போது நீங்கள் கற்பது அதிகம்.

தொடங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது யாருக்காக? அந்த ஒருவரிடம் நேரில் கேட்டேனா? என் கைக்கு வேலை செய்வது வேறு பத்துப் பேரின் கைக்கும் வேலை செய்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் உங்கள் செயல்திட்டம் மதிப்பெண்ணைத் தாண்டி மதிப்புப் பெறும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆயத்தமாகச் செய்து வைத்த செயல்திட்டங்களை விற்கும் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. பிள்ளை கேட்கிறான் என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். விலைக்கு வாங்கிய கையுறையோடு வாய்மொழித் தேர்வுக்குப் போகும் பிள்ளை, 'ஏன் இந்தத் தடையைப் போட்டாய்?' என்ற முதல் கேள்வியிலேயே திணறும். நாளை வேலைக்கான நேர்காணலிலும் அதே கேள்வி காத்திருக்கும். விரல் மடங்கினால் எண் ஏன் குறைகிறது என்று வீட்டில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் அது அவனுடைய உழைப்பு.

காது கேளாத பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு, கையுறை வரும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்குக் கேட்கவில்லை என்ற ஐயம் வந்தவுடன் ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். காதுக் கருவியா, காக்ளியர் அறுவை சிகிச்சையா என்பதை மருத்துவர் சொல்வார். எந்த வழியானாலும் முதல் சில ஆண்டுகளில் பிள்ளைக்கு ஒரு மொழி கிடைத்தாக வேண்டும். அந்த ஆண்டுகள் வீணானால் பிறகு எந்தக் கருவியும் அதை ஈடுசெய்வது கடினம்.

அந்த மொழியைக் கற்பதற்குச் செலவே இல்லை. மத்திய அரசின் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015-இல் தொடங்கப்பட்டது. 2018-இல் 3,000 சொற்களோடு அது வெளியிட்ட அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. அதன் காணொளிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. 'சைன் லேர்ன்' என்ற செயலியும் 2022-இல் வந்துவிட்டது. இரவில் உணவுக்குப் பின் குடும்பமே அமர்ந்து நாளுக்கு ஐந்து சொற்கள் கற்றால், ஓர் ஆண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட சொற்கள். உம்மாவும் வாப்பாவும் மட்டுமல்ல, பாட்டியும் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கற்கட்டும். பெருநாள் அன்று வீடு நிறைய உறவினர் பேசிச் சிரிக்கும்போது, ஒரு மூலையில் செல்பேசியோடு தனியாக இருக்கும் பிள்ளைக்கு 'வா, உனக்கும் சொல்கிறேன்' என்று கைகளால் சொல்ல ஓர் ஆளாவது வேண்டும் அல்லவா?

உணரிக் கையுறை நல்ல கண்டுபிடிப்பு. தொழிற்சாலையிலும் மருத்துவத்திலும் அதன் பயன் வளரும். நம் பிள்ளைகள் அதைச் செய்யட்டும், இன்னும் சிறப்பாகச் செய்யட்டும். ஆனால் காது கேளாத ஒருவர் நம்மிடம் பேச வரும்போது, கையுறை அணிய வேண்டியவர் அவர் அல்ல. கைகளைப் பழக்க வேண்டியவர்கள் நாம்.